கடை வாசலும் சைக்கிள் ஓரமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஊர்ப் பிரதான வீதியில் பெரிய சுப்பர் மார்க்கட் ஒன்று வருகிறது. வாகனங்கள் திரும்புவதற்காக வீதியோரத்தை வெட்டி அகலமான வாசல் போடுகிறார்கள். ‘வீதி அகலமாகிறது, நல்லதுதானே’ என்கிறார்கள். மகள் அந்த வழியால்தான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். இது நல்லதா? (ஒரு தாய், களுவாஞ்சிகுடி)

பதில்: கார்க்காரருக்கு நல்லது. உங்கள் மகளுக்கு நல்லதில்லை. அங்கே அகலமாவது வீதி அல்ல, திருப்பம்.

மூலை வளைவின் ஆரை 5 மீற்றர் என்றால், கார் மணிக்கு ஏறத்தாழ 14 கிலோமீற்றருக்கு இறங்கித்தான் திரும்ப வேண்டும். சைக்கிளில் போகும் பிள்ளையின் வேகமும் அதுதான். அதனால் சாரதி பிள்ளைக்குப் பின்னால் பொறுத்து வந்து திரும்புவார். அதே ஆரை 13, 14 மீற்றரானால் 23 கிலோமீற்றர் வேகத்திலேயே திரும்பலாம். அப்போது ‘முந்திவிட்டுத் திரும்புவோம்’ என்ற எண்ணம் வருகிறது. முந்திய கையோடு இடப்பக்கம் வெட்டினால் சைக்கிளின் முன்சில்லுக்கு வழி இல்லை. வாசல் மூலைகளில் நடக்கும் மோசமான விபத்து இதுதான். லொறி என்றால் இன்னும் கொடுமை, அதன் இடப்பக்க முன்மூலையில் நிற்கும் பிள்ளை சாரதியின் கண்ணில் படவே மாட்டாள்.

ஆரையை நீங்களே அளக்கலாம். வளைந்த விளிம்புக்கல்லில் 8 மீற்றர் இடைவெளியில் இரண்டு புள்ளி குறித்து அளவுநாடாவை நேராக இழுத்துப் பிடியுங்கள். நாடாவின் நடுவிலிருந்து கல்வரை உள்ள தூரத்தைப் பாருங்கள். அது 60 சென்ரிமீற்றர் என்றால் ஆரை 13.6 மீற்றர். (8ஐ 8ஆல் பெருக்கி, அதை நடுத்தூரத்தின் எட்டு மடங்கால் பிரித்து, நடுத்தூரத்தில் பாதியைக் கூட்ட வேண்டும்.) நடுத்தூரம் கூடக் கூட வளைவு இறுக்கமாகும், அதுதான் நமக்குத் தேவை.

‘பொருள் லொறி திரும்ப வேண்டுமே’ என்று பதில் வரும். அது நியாயமான தேவைதான், ஆனால் அதற்காக மூலை முழுவதையும் விரிக்கத் தேவையில்லை. மூலையில் கருங்கல் பதித்து 3, 4 சென்ரிமீற்றர் உயர்த்திவிட்டால் லொறி அதில் ஏறித் திரும்பும், கார்க்காரர் தவிர்த்துப் போவார். பின்பக்க ஒழுங்கையில் வேறு கேற் இருந்தால் இன்னும் நல்லது.

திரும்பும் கார்களுக்கென்று தனி வழித்தடம் போட்டால் அது சைக்கிள் ஓரத்தின் மேல்தான் போடப்படும். நேரே போகும் பிள்ளை இடப்பக்கம் திரும்பும் கார்களுக்கும் வலப்பக்கம் ஓடும் பஸ்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வாள். எதிர்த்திசையிலிருந்து வலப்பக்கம் திரும்பிக் கடைக்குள் போக நடுவீதியில் காத்து நிற்கும் வாகனங்களையும் மறக்கக் கூடாது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர் நிற்க மாட்டார், இடப்பக்கத்தால் ஓரத்தில் இறங்கிப் போவார். அந்த ஓரத்தில் யார் வருகிறார்கள்? கடை இருக்கும் பக்கத்தை மட்டும் பார்த்து வரையும் திட்டங்களில் இந்த எதிர்ப்பக்க ஆபத்து தப்பிவிடுகிறது. நடுத்தடுப்பு வைத்து, இடப்பக்கத்தால் நுழைந்து இடப்பக்கத்தாலேயே வெளியேற மட்டும் விட்டால் இது தீரும்.

கேட்க வேண்டியவை: 5 மீற்றரைச் சுற்றிய மூலை ஆரை. வாசலுக்குக் குறுக்கே நடைபாதையும் சைக்கிள் ஓரமும் ஒரே மட்டத்தில் தொடர்ந்து போவது. கார்தான் 10 சென்ரிமீற்றர் மேடேறிக் கடக்க வேண்டும். காவலாளியும் தடுப்புக் கம்பியும் வீதியிலிருந்து 18 மீற்றராவது உள்ளே. நிற்கும் காருக்கு 6 மீற்றர் பிடிக்கும், மூன்று கார் வரிசைகட்டினாலும் வால் வீதிக்கு வராது. கம்பி கேற்றடியிலேயே இருந்தால் தைப்பொங்கல், பெருநாள் வாரங்களில் வரிசை உங்கள் மகளின் பாதையில்தான் நிற்கும்.

கேள்வி: ‘போக்குவரத்து ஆய்வு செய்தாயிற்று, பாதிப்புக் குறைவு’ என்கிறார்கள். நம்பலாமா? (ஒரு வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: எந்த நேரத்தில் எண்ணினார்கள், சைக்கிளை எப்படி எண்ணினார்கள் என்று கேளுங்கள். கடைக்குக் கூட்டம் பின்னேரம். பிள்ளைகள் போவது காலை ஏழு மணியை ஒட்டி, திரும்புவது ஒன்றரை மணிக்கு. பின்னேரம் மட்டும் எண்ணினால் அவர்கள் கணக்கிலேயே இல்லை.

அடுத்தது, இவ்வகை ஆய்வுகளில் எல்லா வாகனத்தையும் ‘கார் அலகு’ ஆக்குவார்கள். இங்கிலாந்தில் வழமையாக எடுக்கும் மதிப்பில் பஸ்ஸுக்கு 2, மோட்டார் சைக்கிளுக்கு 0.4, சைக்கிளுக்கு 0.2. அதாவது நூறு பிள்ளைகள் வெறும் இருபது கார். வாகன வரிசை எவ்வளவு நீளும் என்று கணிக்க அது சரி. எத்தனை உயிர் அந்த வாசலைக் கடக்கிறது என்பதற்கு அது கணக்கே அல்ல. சைக்கிள்களைத் தனி நிரலில் காட்டச் சொல்லுங்கள்.

நீங்களும் எண்ணுங்கள். இரண்டு பேர், ஒரு கொப்பி: காலை 6.45 முதல் 7.30, பகல் 1.30 முதல் 2.15, பின்னேரம் 5 முதல் 7. ஒவ்வொரு கால் மணிக்கும் தனி வரி போட்டு, நேரே போவது, உள்ளே திரும்புவது, வெளியே வருவது என்று பிரித்து எழுதுங்கள். சந்தை நாள் ஒன்றும் சாதாரண நாள் ஒன்றும் வேண்டும்.

உங்கள் ஊர் ஊடாகப் போகும் ஏ4 வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கட்டிட அனுமதிக்கு உள்ளூராட்சி சபையைப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் வாசலின் வரைபடத்தைக் கேட்டு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். கொங்கிறீற்று போட்ட பிறகு விளிம்புக்கல்லை உடைப்பிப்பது பெரும்பாடு, ஆகவே கயிறு கட்டி அளக்கும்போதே போய்விடுங்கள்.

கேள்வி: புது வாசலடியில் வடிகானுக்குக் கம்பிமூடி போட்டிருக்கிறார்கள். சைக்கிள் ரயர் இறங்குகிறது. (ஒரு வாசகர், ஏறாவூர்)

பதில்: கம்பிகள் வீதியின் நீளவாக்கில் இருக்கும். கழற்றி, குறுக்குவாக்கில் திருப்பிப் போட வேண்டும். சதுர மூடி என்றால் அரை மணி நேர வேலை. நீள்சதுரம் என்றால் குறுக்கே தட்டைக் கம்பிகள் ஒட்டுவிக்கலாம். மூடிக்கும் தாருக்கும் இடையில் படி இருந்தால் அதையும் நிரப்பச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாசலடியில் தண்ணீர் நின்றால் மூடியும் தெரியாது, படியும் தெரியாது. அதுவரை ஓரத்திலிருந்து ஒரு மீற்றர் விலகி, பின்னால் பார்த்து ஓடுங்கள். வாசலடியில் மணல் அரித்துக் கிடந்தால் அதன்மேல் முன் பிறேக் பிடிக்க வேண்டாம்.