நம்பர் யாருக்காக?

கேள்வி: போலீஸ்காரர்களின் தோளிலோ மார்பிலோ ஒரு நம்பர் இருக்கிறது. அதை எப்படிக் கொடுக்கிறார்கள்? மிலிட்டரி போலீஸுக்கும் இதே முறைதானா? எப்படியிருந்தாலும் அது அவர்களுடைய உள்கணக்கு. நமக்கு எதற்கு அது?

பதில்: கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது உள்கணக்கு இல்லை. உங்களுக்காகத்தான் அந்த நம்பரை வெளியே தெரியும்படி வைத்தார்கள். உள்கணக்குக்கு வேறு நம்பர் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு புகார் கொடுக்கப் போனால், நஷ்டம் நமக்குத்தான்.

1829-ல் பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் லண்டனில் மாநகரப் போலீஸை உருவாக்கியபோது மக்களுக்கு அதன் மேல் பெரிய சந்தேகம் இருந்தது. அரசாங்கம் ஆள் வைத்து நம்மை வேவு பார்க்கப் போகிறது என்று பயந்தார்கள். சீருடையும், காலரில் தெரிந்த எழுத்தும் எண்ணும் அந்தப் பயத்துக்குக் கிடைத்த பதில்கள். எந்தப் பிரிவு என்பதை எழுத்து சொல்லும். அந்தப் பிரிவுக்குள் எந்த ஆள் என்பதை எண் சொல்லும். யார் வேண்டுமானாலும் அதைக் குறித்துக்கொண்டு போய்ப் புகார் சொல்லலாம். பிற்பாடு அந்த எண் காலரிலிருந்து தோளுக்கு வந்துவிட்டது. ஆனாலும் பிரிட்டனில் இன்னும் 'காலர் நம்பர்' என்று சொல்பவர்கள் உண்டு.

இந்த நம்பர் இடத்தோடு ஒட்டியது. பழைய லண்டன் முறையில், வேறு பிரிவுக்கு மாற்றலானால் எழுத்தும் மாறும், எண்ணும் மாறும். விட்டுவிட்டுப் போன எண் அடுத்து வருபவருக்குப் போகும். ஆளோடு ஒட்டிய நம்பர் வேறு. அதற்கு வாரண்ட் நம்பர் என்று பெயர். வேலையில் சேர்ந்த வரிசைப்படி கொடுப்பார்கள், கடைசிவரை மாறாது. முதல் எண்ணான 1 வில்லியம் அட்கின்ஸன் என்பவருக்குக் கிடைத்தது. குடித்திருந்ததற்காக முதல் நாளே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் அந்த எண்ணைத் தேடினால் அவர் பெயர்தான் வருகிறது. ஆளோடு ஒட்டிய நம்பரின் பலம் அதுதான்.

நியூயார்க்கிலும் இப்படி இரண்டு அடுக்கு. மார்பில் குத்தும் உலோக வில்லையில் இருக்கும் எண்ணை ஒருவர் ஓய்வுபெற்றதும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பாவின் எண்ணை மகன் வாங்கிக்கொள்வதும் உண்டு. பதவி உயர்ந்தால் வில்லையே மாறிவிடும். நிர்வாகப் பதிவேட்டில் இருக்கும் எண் மட்டும் மாறுவதில்லை.

ஆகவே, வெறும் நம்பரை மட்டும் குறித்துக்கொள்வது பாதி வேலைதான். தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு, இவை எல்லாம் வேண்டும். மூன்று வருஷம் கழித்து நீங்கள் வெறும் எண்ணோடு போய் நின்றால், அதற்குள் அது வேறொருவர் தோளுக்குப் போயிருக்கலாம். தேதி இருந்தால், அந்த நாளில் அந்த எண்ணை அணிந்திருந்தவர் யார் என்று பதிவேட்டைப் புரட்டிச் சொல்லியே ஆகவேண்டும்.

சரி, மிலிட்டரி போலீஸ். அவர்கள் முதலில் ராணுவத்தினர், அப்புறம்தான் போலீஸ். பெரும்பாலான நாடுகளில் அவர்களுடைய நிரந்தர எண் ராணுவத்தில் சேரும்போது கொடுக்கும் சேவை எண்தான். இதிலும் பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு காலத்தில் ஒவ்வொரு ரெஜிமெண்டும் தனக்கென்று எண் போட்டுக்கொண்டது. ஒரே எண்ணில் பல பேர் இருந்தார்கள். ரெஜிமெண்ட் மாறினால் எண்ணும் மாறியது. முதல் உலகப் போரில் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து, அங்கும் இங்கும் மாற்றியபோது பதிவேடுகள் குழம்பிப்போயின. 1920-ல்தான் ராணுவம் முழுவதற்கும் பொதுவான, ஆளோடு கூடவே வரும் எண்ணுக்கு மாறினார்கள். அமெரிக்க ராணுவம் வேறு ஒரு தப்பு செய்தது. 1969-ல் சேவை எண்ணை எடுத்துவிட்டு, வரி, வங்கி என்று எல்லாவற்றுக்கும் பயன்படும் சமூகப் பாதுகாப்பு எண்ணையே அந்த இடத்தில் வைத்தது. ஒருவரின் அந்த எண் தெரிந்தால் அவர் பெயரில் கடனே வாங்கிவிடலாம் என்ற நிலை வந்த பிறகு, அதை விட்டுவிட்டு 10 இலக்கத் தனி எண்ணுக்குப் போனார்கள்.

ஆனால் சேவை எண் வெளியே தெரிவதற்கென்று வைத்தது இல்லை. மிலிட்டரி போலீஸ்காரரை நாம் அடையாளம் காண்பது கைப்பட்டையில் இருக்கும் 'எம்.பி.' எழுத்தாலும் தொப்பியின் நிறத்தாலும்தான். அது அவர் என்ன வேலை செய்கிறார் என்பதைச் சொல்லும், யார் என்பதைச் சொல்லாது. படைவீரர்களை மட்டும் கண்காணிக்கும் வரை இதில் பெரிய குறை இல்லை, அவர்களுக்கு எப்படியும் ஆள் தெரிந்துவிடும். பொதுமக்கள் மேல் அதிகாரம் இருக்கும் இடத்தில் அது போதாது. பிரான்ஸின் ஜான்டார்ம்கள் ராணுவ அந்தஸ்து உள்ளவர்கள்; ஆனால் பார்ப்பது ஊர்க்காவல் வேலை. அதனால் 2014 முதல் அவர்களும் சாதாரணப் போலீஸைப் போல 7 இலக்க எண்ணை அணிய வேண்டும். அந்த எண் படிக்க முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்கிறது, பலர் அணிவதே இல்லை என்று வழக்குப் போனது. 2023-ல் அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம், எண்ணைப் பெரிதாக்கு, அணிவதை உறுதிசெய் என்று அரசாங்கத்துக்கு உத்தரவு போட்டது.

"போலீஸ்காரருக்கும் குடும்பம் இருக்கிறது, பெயர் தெரிந்தால் ஆபத்து" என்று ஒரு வாதம் வரும். நியாயமான பயம்தான். அதற்காகத்தானே பெயர் போடாமல் நம்பர் போடலாம் என்கிறோம்? நம்பரை வைத்துத் தெருவில் யாரும் அவர் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. விசாரிக்கும் அதிகாரியால் அவரைக் கண்டுபிடிக்க முடியும். ஜெர்மனியில் பிராண்டன்பர்க் மாநிலப் போலீஸார் சிலர், பெயரையோ நம்பரையோ அணிய வேண்டும் என்ற விதியையே எதிர்த்து வழக்குப் போட்டு, 2019-ல் உச்ச நிர்வாக நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

நம்பர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மியூனிக்கைப் பாருங்கள். 2007-ல் ஒரு கால்பந்து ஆட்டம் முடிந்த பிறகு, ஹெல்மெட் போட்ட போலீஸார் தங்களைத் தடியால் அடித்ததாகவும், கண்ணில் எரியும் ஸ்பிரேயை அடித்ததாகவும் ரசிகர்கள் இருவர் புகார் கொடுத்தார்கள். ஹெல்மெட்டின் பின்பக்கம் எண் இருந்தது. ஆனால் அது குழுவின் எண், ஆளின் எண் இல்லை. எந்தக் குழு என்று தெரிந்தது, எந்தக் கை அடித்தது என்று தெரியவில்லை. விசாரணை அங்கேயே நின்றுபோனது. 10 வருஷம் கழித்து, 2017-ல், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஜெர்மனி ஒழுங்காக விசாரிக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அடித்தவர் யார் என்பது மட்டும் தெரியவே இல்லை.

உங்கள் எதிரில் நிற்பவர் நம்பரை மறைத்திருந்தால், வண்டி எண்ணையும் நேரத்தையும் இடத்தையும் உடனே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அந்த இடத்தில் யாருக்கு டியூட்டி போட்டார்கள் என்பது ஏதாவது ஒரு பதிவேட்டில் இருக்கும்.