ஸ்காட்லாந்தில் ‘கிளென்’ என்றால் என்ன? அங்கே நடப்பதில் என்ன சுகம்?

மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் பள்ளத்தாக்குக்கு அங்கே கிளென் என்று பெயர். கேலிக் மொழிச் சொல். ஆறு மலையைக் கத்திபோலக் கீறும். மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டியான பனியாறோ, இளநீர் வழுக்கையைக் கரண்டியால் வழிப்பதுபோல அகலமாகக் குடைந்துவிடும். பல கிளென்கள் அப்படிப் பனியாறு குடைந்தவை. அதனால்தான் தரை தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் இருக்கின்றன. மூச்சு வாங்காமல் நடந்தபடியே மலைகளைப் பார்க்கலாம்.

எனக்குப் பிடித்தது ஆங்கஸ் பகுதியின் கிளென் டால். ஊசியிலை மரங்களுக்குள் நிழலாகப் போகும் பாதை சட்டென்று முடியும். எதிரே கோரி ஃபீ, பாறைச் சுவர்கள் சூழ்ந்த பெரிய கிண்ணம். பின்சுவரில் அருவி. தரையில் புல் மூடிய மேடுகள் எல்லாம் பனியாறு விட்டுப்போன கல்லும் மண்ணும்தான்.

தனியார் நிலம் என்றால் நுழையக்கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் அந்த மலைகளில் தாராளமாக நடக்கலாம்.