செப்டம்பரில் மாளிகைக் கல்யாணம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில் தமிழ்க் கல்யாணங்களை நடத்திக் கொடுப்பது என் தொழில். வந்த கேள்விகளில் சில.

ஹாரோவிலிருந்து: மாளிகையில் ஐயர் வைத்துத் தாலி கட்டினால் சட்டப்படி கல்யாணம் ஆகிவிடுமா?

ஆகாது. மாளிகைகளில் பதிவுத் திருமணம் செய்ய 1994ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது. ஆனால் பதிவாளர் நடத்தும் அந்த நிகழ்வில் சமயச் சடங்கு கலக்கக் கூடாது. தாலி கட்டுவது தனி, பதிவு தனி. அதற்கு முன் இருவரும் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய், கல்யாணம் செய்யப் போகிறோம் என்று நோட்டீஸ் கொடுத்து, 28 நாள் முழுதாகக் கழிய வேண்டும். நோட்டீஸில் இடத்தின் பெயரும் இருக்கும். மாளிகையை மாற்றினால் மறுபடி கொடுக்க வேண்டும். பதியாமலே வாழ்ந்து, கணவர் போன பிறகு தான் சட்டப்படி மனைவி இல்லை என்று தெரிந்துகொண்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். தயவு செய்து விட்டுவிடாதீர்கள்.

உள்ளே ஹோமம் வளர்க்கலாமா?

முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பழைய மரவேலையும் ஓவியங்களும் உள்ள கூடத்தில் பெரும்பாலும் விடமாட்டார்கள். புல்வெளியில் பந்தல் போட்டால் எளிது. காற்றுப் பக்கம் மட்டும் மறைப்பு வேண்டும்.

பூ?

டேலியா. செப்டம்பரில்தான் அது பொங்கிப் பூக்கும், முதல் உறைபனி வரை நிற்கும். மல்லிகைச் சரத்துக்குத் தமிழ்க் கடையில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தாலி கட்டிய பிறகு மெதுவாகப் பதிவு செய்யலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். மெதுவாக என்றவர்களில் பலர் மறந்தே போனார்கள்.

சாப்பாடு எத்தனை வகை வைக்கலாம்?

சமையல்காரரைக் கேளுங்கள். வெளிச் சமையலை மாளிகை அனுமதிக்குமா என்பதை மட்டும் முதலில் பாருங்கள்.

குரோய்டனிலிருந்து: செப்டம்பர் கடைசியில் வாடகை குறைவு. புரட்டாசி என்று மாமியார் மறுக்கிறார்.

இதற்கு லெஸ்டர் நண்பர், "குளிர் தேசத்தில் புரட்டாசி எதற்கு?" என்று எழுத, இல்ஃபோர்ட் அம்மா ஒருவர், "வழக்கம் ஆளோடு வருவது, ஊரோடு அல்ல" என்று பதில் எழுதினார். நான் அம்மா பக்கம். மாமியார் சொல்வதில் கணக்கும் இருக்கிறது. ஆடி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. செப்டம்பர் 17 வாக்கில் புரட்டாசி பிறக்கிறது. இடையில் உள்ள ஆவணிதான் நம்முடைய நல்ல காலம். லண்டனில் செப்டம்பர் முதல் வாரம் ஏழரை மணிக்குப் பிறகுதான் சூரியன் மறையும்; மாதக் கடைசியில் ஏழுக்கு முன்பே மறைந்துவிடும். புல்வெளியில் படம் எடுக்கும் நேரமே போய்விடும். பணம்தான் சிக்கல் என்றால் ஆவணியிலேயே வெள்ளியோ ஞாயிறோ பாருங்கள். பெரும்பாலும் சனியைவிட வாடகை குறையும்.

பட்டுப் புடவை குளிர் தாங்குமா?

தாங்காது. சால்வை வையுங்கள்.

நோட்டீஸ் எப்போது கொடுப்பது?

ஒரு வருடம் செல்லும், அதனால் சீக்கிரம் கொடுப்பதில் நட்டமில்லை. நாளை காலையே அலுவலகத்தில் நேரம் கேளுங்கள்.