பெயர்ப்பலகையா, தரைப்பலகையா?

கேள்வி: அமெரிக்காவில், டல்லாஸ் நகரில் 'லாங்ஹார்ன் பால்ரூம்' என்ற பழைய கன்ட்ரி இசை பாரைப் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்களாம். குடிக்கிற இடத்துக்கு எதற்கு இத்தனை மரியாதை? பழைய நியான் விளக்கை எரியவிட்டு, சுவரில் நாலு போட்டோ மாட்டிவிட்டால் புத்துயிர் வந்துவிடுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: வராது. அதில் நானும் உங்கள் கட்சிதான். ஆனால் முதல் கேள்வியை ஏற்க முடியாது. அது குடிக்கப் போகிற இடமல்ல, ஆடப் போகிற இடம். பீர் விற்ற காசில் விளக்கு எரிந்தது. கூட்டம் வந்தது ஆட்டத்துக்கு.

1950இல் ஓ.எல். நெல்ம்ஸ் என்ற டல்லாஸ் செல்வந்தர், பாப் வில்ஸுக்காகக் கட்டிய கூடம் இது. 'வெஸ்டர்ன் ஸ்விங்' இசையின் அரசன் என்று பெயர் பெற்றவர் வில்ஸ். ஃபிடில், ஸ்டீல் கிட்டார், டிரம்ஸ், ஊதுகருவிகள் எல்லாம் சேர்ந்த அவருடைய இசை, ஜோடிகள் ஆடுவதற்கென்றே அமைந்தது. அவர் விலகிய பின் சில காலம் இதை நிர்வகித்தவர் ஜாக் ரூபி. 1963இல், அதிபர் கென்னடியைக் கொன்றதாகக் கைதான ஆஸ்வால்டைச் சுட்டாரே, அதே ரூபி. பிறகு டூயி க்ரூம் என்ற இசைக்கலைஞர் ஏற்று, 1980களின் நடுப்பகுதி வரை நடத்தினார். நிறப் பாகுபாடு ஊறிக்கிடந்த அந்தக் காலத்திலேயே, வாரத்தில் சில இரவுகள் கறுப்பினக் கலைஞர்களுக்காக இந்த மேடை திறந்தது. பி.பி. கிங்கும் ஓடிஸ் ரெட்டிங்கும் இங்கே பாடியிருக்கிறார்கள். 1978 ஜனவரி 10 அன்று 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற பங்க் (முரட்டு ராக் இசை) குழு நிகழ்ச்சி நடத்தியபோது, வாசல் அறிவிப்புப் பலகையில் அவர்கள் பெயருக்குக் கீழேயே கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹேகார்டின் பெயரும் இருந்தது. அந்தப் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. எட்வின் கபானிஸ் 2022இல் கூடத்தை வாங்கி, 2023இல் திறந்தார். அதே ஊரில் 'கெஸ்லர்' என்ற பழைய திரையரங்கை முன்பே மீட்டவர் அவர்.

இப்படிப்பட்ட கூடத்தை மீட்பவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது தரையை. டெக்சஸ் 'டூ-ஸ்டெப்' ஆட்டத்தில் இரண்டு வேக அடி, இரண்டு மெதுவடி. ஜோடிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கூடத்தைச் சுற்றி வருவார்கள். வேகமானவர்கள் வெளி வட்டம், மெதுவானவர்கள் உள் வட்டம். தோல் அடி வைத்த பூட்ஸ் வழுக்கிச் செல்லவும் வேண்டும், நினைத்த இடத்தில் நிற்கவும் வேண்டும். அதற்கு மரப்பலகைதான் சரி. கான்கிரீட் மேல் டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தால், கொஞ்ச நேரத்திலேயே முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

பழைய தரையில் பெரும்பாலும் கெடுதல் செய்வது அவசரம். கீழிருந்து ஈரம் ஏறினால் பலகையின் அடிப்பக்கம் விரியும். விளிம்புகள் தூக்கி, நடுவில் குழி விழும். அதைப் பார்த்ததும் மெஷினை வைத்துத் தேய்த்துச் சமப்படுத்துகிறார்களே, அதுதான் பெரிய தப்பு. சில மாதம் கழித்து அடிப்பக்கம் காய்ந்து சுருங்கும்போது, தேய்த்த விளிம்பு கீழே இறங்கி, நடு மேடாக நிற்கும். முதலில் ஈரம் வருகிற வழியை அடைக்க வேண்டும். மீட்டர் வைத்துப் பார்த்து, பலகையில் ஈரம் 6 முதல் 9 சதவீதத்துக்குள் வந்து நிலைத்த பிறகே தேய்க்க வேண்டும். 19 மில்லிமீட்டர் பலகையில், பக்கத்துப் பலகையோடு கோத்துப் பிடிக்கிற நாக்குப் பொருத்துக்கு மேலே தேய்க்கக் கிடைப்பது ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு முழுத் தேய்ப்பிலும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் போகும். ஆணித்தலை தெரிய ஆரம்பித்துவிட்டால் அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். உப்புத்தாள் சொரசொரப்பிலிருந்து மென்மைக்கு, 40, 60, 80 என்ற எண் வரிசையில் போக வேண்டும். நடுவில் ஒன்றைத் தாண்டினால், வார்னிஷ் அடித்த பிறகு கீறல்கள் பளிச்சென்று தெரியும்.

இன்னொன்று. ஆட்டத் தரையில் பல வருஷமாக மெழுகுத்தூள் தூவியிருப்பார்கள். அதைத் துடைத்தெடுக்காமல் மேலே புது வார்னிஷ் அடித்தால் ஒட்டாது; ஆட ஆட உரிந்து வரும். தினசரிப் பராமரிப்பிலும் கவனம் வேண்டும். சிந்திய பீர் காய்ந்தால் பிசுபிசுக்கும். பூட்ஸ் அங்கே ஒட்டி நிற்க, உடம்பு மட்டும் திரும்பினால் முட்டி முறுக்கிக்கொள்ளும். எனவே ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே கொஞ்சமாக மெழுகுத்தூள் தூவ வேண்டும். பீர் ஈரத்தின் மேலேயே தூவினால் கட்டி கட்டியாகிவிடும்.

ஒலி விஷயத்திலும் இதே அவசரத்தைப் பார்க்கலாம். எதிரொலிக்கிறது என்று சுவரெல்லாம் மெல்லிய நுரைப்பஞ்சு ஒட்டுகிறார்கள். அது ஃபிடிலின் மெல்லிய உச்ச ஒலியைத்தான் விழுங்கும். 125 ஹெர்ட்ஸ் பக்கத்து பேஸ், அதாவது கனத்த தாழ்ந்த ஒலி, அப்படியே உருண்டுகொண்டிருக்கும். ஆடுகிறவர்கள் அடி வைப்பது பேஸையும் டிரம்மையும் கேட்டுத்தான். அது குழம்பினால் கால் தடுமாறும். தடிமனான உறிஞ்சு பலகைகளைச் சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு, மேடைக்கு நேர் எதிரே உள்ள பின்சுவரில் பொருத்த வேண்டும்.

நியான் பற்றிக் கேட்டீர்கள். அது எரியட்டும், எனக்கும் பிடிக்கும். சிவப்பு நியான் வாயு, நீலம் பாதரசம் கலந்த ஆர்கான். மழையில் விட்டுவிட்டு எரிந்தால் கண்ணாடிக் குழாயைத் தூக்கி எறிய வேண்டாம். பல சமயம் பழுது, 15,000 வோல்ட் வரை சுமக்கிற ஒயரின் உறை வெடித்து, தகரப் பெட்டிக்கு மின்சாரம் கசிவதில்தான் இருக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்துவிட்டு, கடைசியில் ஆட்டத் தரையின் மேலேயே மேசை நாற்காலியைப் பரப்பிவிடுகிற முதலாளிகள் உண்டு. மேசைக்குத் தனிக் கட்டணம் வாங்கலாம், ஆடுகிற ஜோடியிடம் வாங்க முடியாது என்பது அவர்கள் கணக்கு. என் கோபமெல்லாம் அவர்கள் மேல்தான். அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால், வாசல் விளக்கின் படத்தை விடுங்கள். மேடைக்கு முன்னால் எத்தனை ஜோடி சுற்றி வர இடம் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.