கேள்வி-பதில்: ஸ்பீக்கருக்கு இரண்டு ஜோடி வயர் தேவையா?

கே: புது ஸ்பீக்கர் வாங்கினேன். ஒவ்வொன்றின் பின்னாலும் வயர் மாட்டும் முனை, அதாவது டெர்மினல், நாலு. ‘பை-வயரிங் செய்தால்தான் முழு சத்தமும் வெளியே வரும், இன்னொரு செட் வயர் 9,000 ரூபாய்’ என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? – வாசகர், கோத்தகிரி

ப: வேண்டாம். இந்த விஷயத்தில் எனக்குப் பழைய எரிச்சல் உண்டு, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

மேல் ஜோடி ட்ரெபிள், அதாவது கீச்சொலி, தரும் ட்வீட்டருக்கு. கீழ் ஜோடி பாஸ், அதாவது கனத்த ஒலி, தரும் வூஃபருக்கு. இரண்டையும் ஒரு சின்ன உலோகப் பட்டை இணைத்திருக்கும். அதைக் கழற்றிவிட்டு, ஒரே ஆம்பிளிஃபையரிலிருந்து இரண்டு ஜோடி வயர் இழுப்பதுதான் பை-வயரிங். சரி, அந்த இரண்டு ஜோடியும் ஆம்பிளிஃபையர் பக்கம் எங்கே போய்ச் சேருகின்றன? அதே இரண்டு முனையில்! ஸ்பீக்கரிடம் இருந்த இணைப்பை ஆம்பிளிஃபையரிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பாஸையும் ட்ரெபிளையும் பிரிப்பது பெட்டிக்குள் இருக்கும் கிராஸ்ஓவர் என்ற சர்க்யூட். ஒரு ஜோடி வயர் போட்டாலும் அது தன் வேலையைச் செய்யும்.

செம்பு இரட்டிப்பாவதால் வயரின் தடை குறையும் என்பார்கள். உண்மைதான். ஆனால் குறைய அங்கே என்ன இருக்கிறது? 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் 4 மீட்டர் இழுத்தால், போக வரச் சேர்த்தே 0.06 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

‘மாற்றியதும் தெளிவாகக் கேட்டதே’ என்று சத்தியம் செய்பவர்கள் நம் மலையில் நிறைய. அவர்கள் பொய் சொல்லவில்லை. இங்குள்ள ஈரத்தில் பட்டையும் திருகும் கறுத்துப் போகும், வயர் முனை பச்சை பூக்கும். புது வயர் மாட்டுகிற சாக்கில் அதையெல்லாம் துடைத்திருப்பார்கள். துடைக்க 9,000 ரூபாய் எதற்கு? நான் ஒருமுறை மயங்கி வாங்கிய பாம்புத் தடிமன் வயர் பரணில் கிடக்கிறது. துணி காயப்போடலாம் என்றால் வளையவே மாட்டேன் என்கிறது.

அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஜமுக்காளம் வாங்கிப் பலகைத் தரையில் விரியுங்கள். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். வித்தியாசம் காதுக்கே தெரியும்.

கே: பட்டையைக் கழற்றிக் கீழ் ஜோடியில் மட்டும் வயர் மாட்டினேன். ட்வீட்டர் பேசவில்லை. எரிந்துவிட்டதா? – வாசகர், குன்னூர்

ப: பட்டையைத் திரும்ப மாட்டுங்கள்.

கே: ‘சுத்தச் செம்பு’ என்று விற்ற ஸ்பீக்கர் வயரை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. கடையில் கேட்டால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். – வாசகி, ஊட்டி

ப: அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு அம்மா அது. சுரண்டிப் பார்த்தீர்களே, பாதிப் பேருக்கு அது தோன்றுவதில்லை. அந்த அச்சு வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். இன்றே எழுத்தில் கேளுங்கள். சுரண்டிய துண்டு, பில், சுற்றி வந்த அட்டை எல்லாம் பத்திரம். மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விடாதீர்கள்.

கே: சமவெளியில் ஒருவரிடம் பழைய ஆம்பிளிஃபையர், போட்டோ பார்த்து வாங்கினேன். பில் இல்லை. ஒரு பக்கம் ஊமை. அவர் போனை எடுப்பதில்லை. – வாசகர், கொடைக்கானல்

ப: பாட்டுப் போட்டுக் கேட்டுப் பார்க்காமல், பில்லும் இல்லாமல், முழுப் பணத்தையும் முன்னால் அனுப்பிவிட்டு என்னிடம் வருகிறீர்கள். பணம் அனுப்பிய ரசீதும் பேசிய மெசேஜும் இருந்தால் அழிக்காமல் வையுங்கள். ஆனால் வீட்டுச் சாமானை விற்ற தனி ஆள் வியாபாரி ஆகமாட்டார், நுகர்வோர் ஆணையம் கைகொடுப்பது கஷ்டம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கே: ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்பிளிஃபையர் போடப் போகிறேன், வூஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று. பட்டை இருந்தால் பரவாயில்லையா? – வாசகர், வெலிங்டன்

ப: கழற்றாமல் ஸ்விட்ச் போட்டீர்களானால் ஒன்றின் அவுட்புட் இன்னொன்றில் பாய்ந்து இரண்டு ஆம்பிளிஃபையரும் புகைந்துவிடலாம். முதல் வேலை பட்டையைக் கழற்றுவது, வயரெல்லாம் அப்புறம்.