முகவுரையை ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு அரசியலமைப்பைப் புரியவைப்பது எப்படி?

கேள்வி: அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். அரசியலமைப்பு நாளான நவம்பர் 26 அன்று மாணவர்கள் இந்திய அரசியலமைப்பின் முகவுரையைப் பிழையின்றி ஒப்பிக்கிறார்கள். பொருள் கேட்டால் விழிக்கிறார்கள். மூன்று பாடவேளைகளே கிடைக்கும் நிலையில் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: முகவுரையைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். நீதி, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றின் பொருள், அவை மறுக்கப்பட்ட நிகழ்வு ஒன்றையேனும் அறிந்த பிறகுதான் அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிபடும். எண்களிலிருந்தும் தொடங்க வேண்டாம். முதலில் இருந்தவை 395 பிரிவுகள், 8 அட்டவணைகள் என்று கரும்பலகையில் எழுதிய உடனேயே, இது தேர்வுக்கு மட்டுமான பாடம் என்று மாணவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள்.

முதல் பாடவேளை முழுவதையும் பிரிவு 15-இன் இரண்டாம் உட்பிரிவுக்கே கொடுங்கள். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எந்தக் குடிமக்களையும் கடைகளிலும் பொது உணவகங்களிலும் நுழையவிடாமலோ, பொதுப் பயன்பாட்டுக்கு உரிய கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமலோ தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். மாணவர் ஒருவரை அதை உரக்க வாசிக்கச் சொல்லி, நாட்டின் உயர்ந்த சட்டத்தில் கிணறும் படித்துறையும் ஏன் இடம்பெற்றன என்று கேளுங்கள். விடையை நீங்களே சொல்லிவிடாமல் சற்றுக் காத்திருங்கள். பிறகு, நகராட்சி அனுமதித்தும் தாழ்த்தப்பட்டோர் நெருங்க முடியாதிருந்த, இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள மகாட் நகரின் சவுதார் குளத்தில் தண்ணீர் அருந்துவதற்காக, 1927 மார்ச் மாதத்தில் அம்பேத்கர் மக்களைத் திரட்டிச் சென்றதையும், இருபது ஆண்டுகள் கழித்து அவரே அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானதையும் சொல்லுங்கள். தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 17-ஐ அதன் பின்னர் வாசித்தால் தனி விளக்கமே தேவைப்படாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வகுப்பில் எந்தப் பிள்ளையிடமும் அதன் சாதியையோ, குடும்பத்தின் அனுபவத்தையோ கேட்காதீர்கள். தானாக ஒருவர் பேச முன்வந்தால் மட்டும் மதிப்போடு கேளுங்கள். சமத்துவத்தைக் கற்பிக்கும் வகுப்பிலேயே ஒரு பிள்ளை தலைகுனிய நேருவதைவிடப் பெரிய தோல்வி இல்லை.

இரண்டாம் பாடவேளையில், இந்தச் சட்டம் மாற்றத்துக்கு இடம் கொடுப்பது என்பதைக் காட்டுங்கள். அதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பகிர்ந்தளித்த, சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு ஆணை செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து, அதே ஆண்டில் நாடாளுமன்றம் முதல் திருத்தத்தின் மூலம் பிரிவு 15-இல் நான்காம் உட்பிரிவைச் சேர்த்து, சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய வழிவகுத்தது.

மூன்றாவதில், 6 முதல் 14 வயது வரையிலானோருக்குக் கட்டாய இலவசக் கல்வியை உறுதி செய்யும் பிரிவு 21அ-வைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டு, முகவுரையை எடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் முந்தைய இரு வகுப்புகளிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை மாணவர்களே சொல்லட்டும். மதிப்பீட்டின்போது ஆண்டையும் தேதியையும் கேட்பதற்குப் பதிலாக, தேநீர்க் கடையொன்றில் ஒருவருக்கு மட்டும் தனிக் குவளை வைக்கப்படுகிறது என்ற சூழலைக் கொடுத்து, அது எந்தப் பிரிவுக்கு எதிரானது, ஏன் என்று நான்கு வரிகளில் எழுதச் சொல்லுங்கள்.