பெண் கிடைக்காததற்குப் பெண்ணியமா காரணம்?

வணக்கம் மேடம்,

மகளிர் உரிமைத்தொகை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு என்கிறீர்கள், சரி. ஆண்களைப் பற்றி யார் எழுதுவது? எனக்கு 37 வயது, திருச்செங்கோடு பக்கம். பங்குதாரர்களோடு சேர்ந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறேன். வருஷத்தில் பாதி நாள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போர் போட்டுக்கொண்டு அலைகிறோம். வீட்டில் பத்து வருஷமாகப் பெண் பார்க்கிறார்கள். தோட்டம் எத்தனை ஏக்கர், மாடி வீடா, மாப்பிள்ளை டிகிரியா, மாமியார் கூடவே இருப்பாரா என்று கேள்விக்கு மேல் கேள்வி. படித்த பெண்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பெண்ணியம் பேசிப் பேசியே ஆண்களை வேண்டாதவர்களாக ஆக்கிவிட்டீர்கள். 'இன்னும் ஆகலையா' என்று கேட்பார்களே என்று விசேஷங்களுக்குப் போவதையே விட்டுவிட்டேன். இப்போது ஒரு தரகர் பாலக்காட்டுப் பக்கம் பெண் இருப்பதாகச் சொல்கிறார். நாட்டில் தற்கொலை செய்துகொள்கிறவர்களில் ஆண்கள்தான் அதிகம் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தெரியும். 2022ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை சொல்கிறது. தொழில்வாரியாகப் பார்த்தால் தினக்கூலிகள்தான் அதிகம். அந்தக் கடைசி வரியை நீங்கள் வாதத்துக்காக எழுதினீர்களா, உங்கள் மனதிலும் அப்படி ஏதாவது ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் மிச்சத்தைப் படிப்பதற்கு முன் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யுங்கள். தமிழிலேயே பேசலாம்.

இனி பெண் கிடைக்காத விஷயம். நீங்கள் பிறந்தபோது திருச்செங்கோடு சேலம் மாவட்டத்தில் இருந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997ல். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான் இருந்தார்கள். தமிழ்நாடு முழுக்க எடுத்தால் 948. அந்தக் கணக்கில் ஆண் குழந்தையாக நீங்களும் இருக்கிறீர்கள். பத்து வருடம் கழித்து, 2001லும் சேலத்தின் எண் 851ஐத் தாண்டவில்லை.

மிச்சப் பெண்கள் எங்கே போனார்கள் என்று ஊரில் வயதான பாட்டிகளைக் கேளுங்கள், சொல்ல மனம் வந்தால் சொல்வார்கள். முதலில் கள்ளிப்பாலும் நெல்மணியும். அப்புறம் ஸ்கேன் சென்டர். 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதலில் தொடங்கியது சேலத்தில்தான். பெண் பிள்ளை வேண்டாமென்றால் கொன்றுவிடாதீர்கள், தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் வளர்த்துக்கொள்கிறோம் என்று ஒரு அரசாங்கம் பெற்றவர்களிடம் கெஞ்ச வேண்டிய நிலை. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 1994ல் வந்தது. பெண் என்றால் பவுன் போட்டு அனுப்ப வேண்டும், தோட்டம் கைமாறிவிடக் கூடாது, பிள்ளைகள் இரண்டோடு போதும், அதில் ஒன்றாவது பையனாக இருக்க வேண்டும். இப்படிக் கணக்குப் போட்ட வீடுகளில் ஒருவரும் பெண்ணியம் பேசவில்லை. பேசியவர்கள் அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றத்தான் ஊர் ஊராக அலைந்தார்கள்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. உங்களுக்குப் பார்க்கும் பெண் நாலைந்து வயதாவது இளையவளாக இருக்க வேண்டும் என்றுதான் உங்கள் வீட்டிலும் நினைத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் வேகமாக இறங்கி, 1993லேயே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளை என்ற அளவுக்கு வந்துவிட்டது. உங்களுக்குப் பின்னால் பிறந்தவர்களே எண்ணிக்கையில் குறைவு, அதிலும் பெண்கள் இன்னும் குறைவு. அப்புறம் சொந்த சாதி, சாதிக்குள் ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம், என்றால் விலக்குவது, செவ்வாய், ராகு கேது. இவ்வளவையும் கழித்த பிறகு மிஞ்சுகிற பெண் டிகிரி முடித்திருக்கிறாள், கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறாள். கடைசியில் அவள் வேண்டாம் என்று சொல்வது மட்டும்தான் உங்கள் காதில் விழுகிறது.

பெண் வீட்டார் கேட்கும் கேள்விகள் உங்களை எவ்வளவு நோகடித்திருக்கும் என்று புரிகிறது. எத்தனை பவுன், கார் உண்டா, பெண் சிவப்பா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது மட்டும் அதற்குப் பெயர் சம்பிரதாயமாக இருந்தது. வீடு கட்டிவிட்டு வந்தால்தான் ஆம்பளை என்பது உங்கள் தாத்தா காலத்து விதி. நாங்கள் எழுதியது அல்ல. அந்த விதியை ஒழிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பதே எங்கள் பக்கம்தான். விசேஷ வீட்டில் 'இன்னும் ஆகலையா' என்று கேட்கிற பெரியப்பா எந்தப் பெண்ணியப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தார்?

பெண்கள் குறைந்தால் பெண்ணுக்கு மதிப்பு கூடும் என்று சிலர் சொல்வதுண்டு. நான் பார்த்தவரை காவல்தான் கூடுகிறது. உங்கள் ஊர் அர்த்தநாரீஸ்வரர் கோவிலில் 2015ல் வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜைக் கடத்திக்கொண்டு போய்க் கொன்றார்கள். இன்ஜினியரிங் படித்த பையன். குற்றவாளிகளுக்கு 2022ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். பாலக்காடு என்றதும் சாதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க உங்கள் வீட்டாரால் முடிகிறது. பக்கத்துத் தெரு என்றால் முடியுமா?

பாலக்காட்டுச் சம்பந்தம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். தரகரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். பெண் வீட்டுக்கு நேரில் போய், அந்தப் பெண்ணோடு தனியாகப் பேசி, அவளுக்குச் சம்மதமா என்று அவள் வாயாலேயே கேளுங்கள். வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்கமாட்டீர்கள் என்பதை நிச்சயத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள், தரகர் அதைச் சொல்லியிருக்கமாட்டார். நீங்கள் சத்தீஸ்கரில் இருக்கும் மாதங்களில் அவள் உங்கள் அம்மாவோடு, சொந்தம் என்று ஒருவரும் இல்லாத ஊரில் இருக்க வேண்டும். வேலைக்குப் போகலாமா, கையில் செலவுக்குப் பணம் இருக்குமா, நினைத்தபோது அம்மா வீட்டுக்குப் போய்வரலாமா என்றெல்லாம் அவள் கேட்கக்கூடும். இதுவும் கேள்விக்கு மேல் கேள்விதான். அவள் கேட்கத் தயங்கினால் நீங்களாகவே பதில் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்.